சொல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது

2023 ஆகஸ்ட். கலிபோர்னியாவில் ஒரு வீடு. 45 வயதுக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி எதிரே இருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் அவருடைய கை கால்களை முடக்கிவிட்டது. வாயைத் திறந்தால் ஒலி வருகிறது, சொல் வருவதில்லை. அவர் பேச்சைக் கேட்டுப் பழகிய காதுக்கே நிமிடத்துக்கு ஏழு சொல் பிடிபட்டால் பெரிது. 25 நாட்களுக்கு முன்புதான் அவருக்கு மூளையில் மின்முனைகள் வைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. திரையில் ஒரு வாக்கியம் வருகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல முயல்கிறார். அவர் சொல்ல முயன்ற சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து நிற்கின்றன. அவர் அழுதுவிட்டார். உடன் இருந்த ஆய்வாளர்களும் அழுதார்கள்.

ஆய்வேட்டில் அவருக்குப் பெயர் ‘டி15’. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிராண்ட்மன் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும், செர்கே ஸ்டாவிஸ்கி என்ற நரம்பறிவியலாளரும் நடத்திய ஆய்வு அது. 2024 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. வெறும் 50 சொற்களை வைத்துச் சோதித்த முதல் நாளில் 99.6 சதவீதம் சரியாக வந்தது. அடுத்த அமர்வில் சொற்களின் எண்ணிக்கையை 1,25,000 ஆக்கினார்கள். அப்போதும் 90 சதவீதம். சில மாதங்களில் அது 97-ஐத் தாண்டியது. எட்டு மாதத்தில் 248 மணி நேரம் அவர் இந்த வழியில் பேசியிருக்கிறார். திரையில் வந்த சொற்களைக் கணினி உரக்கப் படித்தது, நோய்க்கு முன்பு அவருக்கு இருந்த அதே குரலில்.

இத்தனை எண்களையும்விட எனக்கு நினைவில் நிற்பது ஒரு சின்னச் செய்தி. அவருடைய சிறிய மகள் உடம்பு முழுக்கச் சிவிங்கிப்புலி உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். தான் ஒரு சிவிங்கிப்புலியைத் தேடிக்கொண்டிருப்பதாக அப்பா சொன்னார். மருந்து வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குக் கண் சிமிட்டல் போதும். குழந்தையோடு விளையாடுவதற்குச் சொல் வேண்டும்.

இந்தச் சொல் எப்படி வெளியே வந்தது என்று கேட்டுக்கொண்டு போனால், ஒரே துறையில் பதில் கிடைக்காது. உலோகமும் சிலிக்கானும் தெரிந்தவர், பேச்சின் அடிப்படை ஒலிகளான ஒலியன்கள் தெரிந்தவர், மண்டையோட்டைத் திறக்கத் தெரிந்தவர், இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்கத் தெரிந்தவர் என எல்லோரும் ஒரு மேசைக்கு வந்தால்தான் இது நடக்கும்.

பேச்சு ஒரு தசை வேலை

பேச்சு என்றதும் நாம் எண்ணத்தை நினைக்கிறோம். மூளையில் வைக்கும் இந்தக் கருவிகள் எண்ணத்தைப் படிக்கவில்லை. உதட்டைக் குவி, நாக்கு நுனியை மேலே மடி, தாடையை இறக்கு, குரல்வளையை அதிரவிடு என்று மூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளைகளைத்தான் ஒட்டுக் கேட்கின்றன. நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே, இடது பக்க மூளைப் புறணியில் அந்தக் கட்டளைகள் பிறக்கும் பட்டை இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு 2013-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது இதுதான்: அந்தப் பட்டையில் உதட்டுக்கு ஓரிடம், நாக்குக்கு ஓரிடம், தாடைக்கும் குரல்வளைக்கும் வேறு இடங்கள்; ஒவ்வோர் ஒலியும் இந்த உறுப்புகளின் கூட்டு இயக்கமாகவே அங்கே பதிவாகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். கொப்பூழிலிருந்து எழும் காற்று எங்கெங்கே தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எதை எதைப் பொருந்தி எழுத்தொலியாகிறது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் சொல்லிக்கொண்டு போவது அந்த இயல். எழுத்தை வடிவமாகப் பார்க்காமல் உறுப்புகளின் வேலையாகப் பார்த்த கண் அது. மூளையில் மின்முனை வைத்தவர்கள் கண்டதும் அதே வகைப்பாட்டைத்தான்.

டி15-இன் மூளையிலிருந்து வரும் சமிக்ஞையைக் கணினி நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் எடைபோடுகிறது. இப்போது அவர் ‘ப’ சொல்ல முயல்கிறாரா, ‘ம’வா, இல்லை சும்மா இருக்கிறாரா? ஆங்கிலத்துக்கு 39 ஒலியன்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பளவு போட்டுக் கொடுக்கிறது. அதில் தப்பு நிறைய வரும். அதற்குப் பிறகுதான் மொழி மாதிரி என்ற இரண்டாம் படி. டாக்டரின் கிறுக்கலை மருந்துக்கடைக்காரர் படித்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து பாதிதான் தெரியும். எந்த எழுத்துக்குப் பின் எது வரும், எந்த நோய்க்கு எது எழுதுவார்கள் என்ற பழக்கம் மீதியை நிரப்பிவிடும். கணினியும் அப்படித்தான் செய்கிறது. மூளை பாதி சொல்கிறது, மொழி மீதியைச் சொல்கிறது. இந்த வாக்கியத்தைப் பிறகு தமிழுக்கு வரும்போது மறுபடி எடுக்கிறேன்.

ஒரு பாடப்புத்தக உண்மையும் இந்த ஆய்வுகளில் ஆட்டம் கண்டது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓரசையை மட்டுமே சொல்லத் தெரிந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையைத் திறந்து பார்த்து, பேச்சின் இருப்பிடம் இது என்று ஒரு பகுதியைக் குறித்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதைப் புரோக்கா பகுதி என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் பிராங்க் வில்லட் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.எல்.எஸ். கண்ட ஒரு பெண்மணிக்குப் புரோக்கா பகுதியிலும் மின்முனைகளை வைத்தார்கள். பேச முயலும்போது அங்கிருந்து உருப்படியான தகவல் ஏறக்குறைய எதுவுமே கிடைக்கவில்லை. பக்கத்தில் உள்ள இயக்கப் பகுதியோ கொட்டிக் கொடுத்தது. அந்த அம்மாள் நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தில் பேசினார். 1,25,000 சொற்களை வைத்துப் பார்த்தால் நாலு சொல்லுக்கு ஒன்று தப்பு. அடுத்த ஆண்டே டி15-இடம் அந்தத் தப்பு நாற்பதுக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது.

அதே 2023-இல் சாங் குழு இன்னொரு பெண்மணியின் கதையை வெளியிட்டது. மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்து 18 ஆண்டு ஆகியிருந்தது. 18 ஆண்டு வாய் பேசாதவரின் மூளையில் உதடும் நாக்கும் தத்தம் இடத்தில் அப்படியே இருந்தன. அவருக்குத் திரும்பக் கொடுத்த குரலை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? அவருடைய கல்யாண வீடியோவிலிருந்து.

நுங்கில் குத்திய ஊசி

டி15-இன் மூளையில் வைத்தவை நான்கு சிறு தகடுகள். ஒவ்வொன்றும் நகக்கண் அளவுகூட இல்லை, பக்கத்துக்கு 3.2 மில்லிமீட்டர். அதில் 64 ஊசிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். ஆக 256. சிலிக்கானில் செதுக்கி, பாலிமர் உறை போர்த்தி, பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய நுனியை மட்டும் திறந்து வைத்திருக்கும் இந்த வடிவம் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கியது. அதனால் யூட்டா தகடு என்றே பெயர்.

பொருளறிவியலின் தலைவலி இங்கே தொடங்குகிறது. மூளை மிக மிக மென்மையானது. இளம் நுங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். சிலிக்கானோ அதைவிடக் கோடி மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூச்சுக்கும் மூளை மெல்ல ஏறி இறங்குகிறது. ஊசி அசையாது, நுங்கு அசையும். அந்த உராய்வில் மூளையின் காவல் செல்கள் விழித்துக்கொண்டு ஊசியைச் சுற்றித் தழும்புத் திசுவைக் கட்டத் தொடங்குகின்றன. தழும்பு தடிக்கத் தடிக்க நியூரானின் குரல் தூரமாகிப்போகிறது. சிலருக்கு ஐந்தாண்டுக்கு மேலும் இந்தத் தகடுகள் வேலை செய்திருக்கின்றன. ஆனாலும் 40 வயதுக்காரருக்குப் பொருத்தினால் அவர் ஆயுளுக்கும் தாங்க வேண்டாமா?

இன்னொரு சிக்கல், உடம்பும் கம்பியும் இரு வேறு நாணயத்தில் வியாபாரம் செய்கின்றன. உடம்பில் ஓடுவது சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள். கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். இரண்டையும் கடத்தக்கூடிய பிளாஸ்டிக் வகைகள் இப்போது மின்முனைகளின் மேல் பூச்சாக ஆராயப்படுகின்றன. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும் என்று காட்டியதற்காக ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. தலைமுடியைவிட மெல்லிய நெகிழ் இழைகளைச் சிலர் மூளைக்குள் தைக்கிறார்கள். அதிலும் முள் உண்டு. நியூராலிங்க் நிறுவனம் 2024-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய இழைகளில் பல, சில வாரத்திலேயே மூளையிலிருந்து பின்னுக்கு இழுபட்டுவிட்டன. மூளையைக் குத்தாமல் மேலே படர்ந்து கிடக்கும் மெல்லிய படலங்கள் மூன்றாவது வழி. கல்யாண வீடியோக் குரல் கிடைத்த பெண்மணிக்கு வைத்தது அப்படி ஒன்றுதான், 253 மின்முனைகள் கொண்டது.

‘வந்தாயா’வும் ‘வந்தாயா!’வும்

எழுத்து திரையில் வந்து, கணினி அதைப் படிப்பது பேச்சு ஆகாது. சபையில் ஒருவர் குறுக்கே ஒரு வார்த்தை போட நினைத்தால், அவர் வாக்கியம் முடிவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இதே டி15-ஐ வைத்து மைத்ரேயி வைராகர், ஸ்டாவிஸ்கி குழு 2025 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த இடைவெளியைச் சுருக்கியது. எழுத்து வழியே போகாமல் மூளைச் சமிக்ஞையை நேரே ஒலியாக்கினார்கள். தாமதம் நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. கேள்வியாகக் கேட்கும்போது அவரால் குரலை உயர்த்த முடிந்தது. ஒரு வாக்கியத்தில் வேண்டிய சொல்லை அழுத்திச் சொல்ல முடிந்தது. மூன்று சுருதியில் சின்ன மெட்டுப் பாட முடிந்தது. கேட்டவர்களுக்குப் புரிந்தது சுமார் 60 சதவீதச் சொற்கள்தான். கருவி இல்லாமல் அவர் பேச்சில் புரிந்ததோ 4 சதவீதம்.

பெருமைப்படத்தக்க இந்த ஆய்வுகளுக்கு நடுவே, 2025 ஆகஸ்டில் ‘செல்’ இதழில் ஸ்டான்ஃபோர்டின் எரின் குன்ஸ், வில்லட் குழு வெளியிட்ட ஒன்று என்னை நிறுத்தியது. வாயை அசைக்க முயல்வதுகூடக் களைப்பு தருகிறது என்பதால், மனசுக்குள் சொல்லிப் பார்க்கும் பேச்சை எடுக்க முடியுமா என்று நாலு பேரிடம் பார்த்தார்கள். முடிந்தது, சிறந்த நிலையில் 74 சதவீதம் சரி. ஆனால் இன்னொன்றும் தெரியவந்தது. திரையில் உள்ள வண்ண வடிவங்களை எண்ணச் சொன்னபோது, அவர்கள் மனசுக்குள் எண்ணிய எண்கள் கேட்காமலேயே கருவியில் தட்டுப்பட்டன. ஆய்வாளர்களே அதற்குப் பூட்டும் செய்தார்கள்: மனசுக்குள் ஒரு கடவுச்சொல்லைச் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். 98 சதவீதத்துக்கு மேல் அந்தப் பூட்டு சரியாக வேலை செய்தது.

தொல்காப்பியர் பிறப்பியலை முடிக்கும்போது ஒரு எல்லைக்கோடு போடுகிறார். உள்ளே எழும் ஒலியின் அளவைப் பற்றிச் சொல்வது இந்த நூலின் வேலையல்ல, வெளியே வந்து ஒலிப்பதன் அளவை மட்டுமே சொல்கிறேன் என்கிறார். அவர் போட்ட கோட்டை இன்று கருவிகள் தாண்டிவிட்டன. வெளியே விட்டால்தான் சொல், விடாத வரை அது அவரவர் சொத்து என்ற எல்லை இனி இயற்கையாகக் காக்கப்படாது. சட்டம் போட்டுத்தான் காக்க வேண்டும். சிலி நாடு 2021-இல் தன் அரசியல் சாசனத்திலேயே மூளைச் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பு எழுதியது. அமெரிக்காவில் கொலராடோவும் கலிபோர்னியாவும் 2024-இல் நரம்புத் தரவைத் தனியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் மூளைத் தரவுக்குத் தனிப் பிரிவு கிடையாது. அது தவறு, திருத்த வேண்டும்.

இதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. கருவி செய்த கம்பெனி மூடிப்போவது. பார்வையற்றவர்களுக்கு விழித்திரையில் பொருத்தும் ‘ஆர்கஸ் 2’ என்ற கருவியை ‘செகண்ட் சைட்’ நிறுவனம் உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் விற்றது. 2020 வாக்கில் அந்த நிறுவனம் நொடிக்கும் நிலைக்குப் போய், பழுது பார்க்கவும் ஆளில்லாமல் கைவிட்டது. கண்ணுக்குள் இருக்கும் கருவியைத் தெருமுனைக் கடையில் கொடுத்துப் பழுதுபார்க்க முடியுமா? குரலைக் கொடுத்துவிட்டுப் பிறகு பறிப்பது, கொடுக்காமலே இருப்பதைவிடக் கொடுமை. மூளைக் கருவிக்கு அனுமதி தரும் அரசுகள், கம்பெனி போனாலும் பராமரிப்பு தொடரும் என்ற உத்தரவாதத்தை முன்பணத்தோடு கேட்டு வாங்க வேண்டும்.

அந்தக் கருவி தமிழ் பேசுமா?

மூளை பாதி, மொழி மீதி என்று சொன்னேன். மேலே சொன்னவர்களுக்குக் கருவி பேசியது ஆங்கிலம். ஷாங்காயில் 2023-இல் மாண்டரின் சீனத்தின் தொனிகளை மூளையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 2024-இல் சாங் குழு ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் ஒருவரிடம் இரு மொழிக்கும் மூளையின் அசைவுக் குறிப்புகள் பெரும்பாலும் பொது என்றும், ஒரு மொழியில் கற்றதை வைத்து இன்னொன்றைச் சீக்கிரம் கற்பிக்கலாம் என்றும் கண்டது. இது தமிழுக்கு நல்ல செய்தி. நாக்கின் பக்கம் நமக்கு அதிகக் கவலை இல்லை. மொழியின் பக்கம்தான் வேலை கிடக்கிறது.

1,25,000 சொல் இருந்தால் ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சு அடங்கிவிடும். தமிழில் ‘வா’ என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தேன், வந்தாங்க, வரமாட்டேன், வந்திருந்தா, வராதவங்க, வந்துட்டுப்போனானாம் என்று நூற்றுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். சொற்பட்டியல் போட்டு மாளாது. பகுதி, விகுதி என்று பிரித்துச் சேர்க்கும் கருவி வேண்டும். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழி இது. ‘கல்’லும் ‘கால்’உம் நேர அளவில்தான் வேறு. ‘மரம்’ என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி மகரம் மூக்குவழி உயிரொலியாகக் கரைந்துவிடுகிறது. அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்தே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம், எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே உள்ளது. செய்தித்தாளையும் விக்கிப்பீடியாவையும் படித்து வளர்ந்த மொழி மாதிரியை வைத்தால், ‘கொஞ்சம் தண்ணி குடும்மா’ என்று மனைவியிடம் கேட்க முயலும் ஒருவர் வாயில் ‘சிறிது தண்ணீர் கொடு’ என்று வரும். அது அவர் குரலாக இருக்கலாம், அவர் பேச்சாக இருக்காது. நெல்லைக்காரருக்கு நெல்லைப் பேச்சு வர வேண்டும், யாழ்ப்பாணத்தவருக்கு யாழ்ப்பாணப் பேச்சு. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு 22 இந்திய மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவு செய்து திரட்டிவருகிறது. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் வட்டார வழக்குகளை ஊர் ஊராகப் பதிவு செய்து இதில் சேர வேண்டும். இதற்குச் சிலிக்கான் ஆலை தேவையில்லை. ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும்.

ஏ.எல்.எஸ். போன்ற இயக்க நரம்பணு நோய்கள் நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், மூளை அறுவை சிகிச்சை முன்னோடி பி. ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் கண்டு எழுதிய ஒரு வகை இயக்க நரம்பணு நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். இளவயதில் வரும், மெல்ல வளரும், முகத்தையும் நாக்கையும் தளர்த்தும், காதையும் கெடுக்கும். பேசவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் போகும் அந்த இளைஞர்களை நினைத்துக்கொண்டுதான் நான் இந்த ஆய்வுகளைப் படித்தேன்.

டேவிஸிலும் ஸ்டான்ஃபோர்டிலும் நடப்பவை இன்னும் சோதனைகள்தான். ஒரு சிலருக்கே செய்திருக்கிறார்கள். மண்டையோட்டில் திருகிய இணைப்பான் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கேபிள் மாட்ட வேண்டும். தொற்று அபாயம் உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனைக்கு இது நாளைக்கே வந்துவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நாளைக்கே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஓர் அட்டையில் மேலே பன்னிரண்டு உயிர், பக்கத்தில் பதினெட்டு மெய் எழுதிக் கட்டம் போடுங்கள். வீட்டில் ஒருவர் வரிசையாக விரல் வைத்துக் காட்ட, நோயாளி கண் சிமிட்டி முதலில் மெய்யையும் பிறகு உயிரையும் தேர்ந்தால் உயிர்மெய் எல்லாம் கைக்கு வந்துவிடும். தமிழ் எழுத்தமைப்பே இதற்குத் தோதாக அமைந்தது.

இரண்டாவது, குரல். உங்கள் வீட்டில் யாருக்காவது இயக்க நரம்பணு நோய் என்று மருத்துவர் சொன்னால், நாக்கு குழறத் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, செல்போனைப் பக்கத்தில் வைத்துத் தினமும் கால் மணி நேரம் பேச விடுங்கள். செய்தித்தாளை வாசிப்பது வேண்டாம். பேரன் பேத்திகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பழைய கதை சொல்லட்டும், கோபப்படட்டும், சிரிக்கட்டும், தாலாட்டுப் பாடட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பெயரும் தேதியும் போட்டு இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.